அலுமினியத்தில் நானோ துகள் கலப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருகிய அலுமினியத்தில் நானோ துகளைக் கலந்து வார்க்கும் ஆய்வில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் 1 கிலோ பிடிக்கும் ஆய்வக உலைக்கானவை. உலோகக்கலவை ஏ356 (சுமார் 7 சதவீதம் சிலிக்கான் உள்ள வார்ப்பு அலுமினியக் கலவை), துகள் 50 நானோமீட்டர் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு துகள், வேறு கலவை வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மைக்ரோ துகள் போட்டாலே வலு கூடுதே, அப்புறம் எதுக்கு நானோ?

மைக்ரோ துகளில் பலன் தெரிய 10 முதல் 20 சதவீதம் வரை போட வேண்டியிருக்கும். அவ்வளவு போட்டால் உலோகம் இழுவைக்கு நீளாமல் பட்டென்று உடையும். கடைசலில் கருவியின் முனையும் சீக்கிரம் தேயும். நானோவில் கன அளவில் 1 சதவீதமே வேலை செய்யும். காரணம், துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி. உலோகம் வளையும்போது அதற்குள் நகரும் இடப்பெயர்வுக் கோடுகள் (அணு அடுக்கில் உள்ள பிசகுகள்) இரண்டு துகளுக்கு நடுவே வளைந்து புகுந்துதான் போக வேண்டும். இடைவெளி குறுகக் குறுக வளைவது கஷ்டம்.

இடைவெளியிலிருந்து கூடும் வலுவைக் கணக்கிடும் ஓரோவான் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 10 மைக்ரோமீட்டர் துகள் 1 சதவீதம் இருந்தால் இடைவெளி சுமார் 27 மைக்ரோமீட்டர்; கூடும் வலு 0.35 மெகாபாஸ்கல், அதாவது ஒன்றுமில்லை. அதே 1 சதவீதம் 50 நானோமீட்டர் துகளாக இருந்தால் இடைவெளி 134 நானோமீட்டர். கூடும் வலு 32 மெகாபாஸ்கல். ஆனால் இந்த 32 என்பது ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நிற்கிறது என்ற கணக்கு. அவை ஒட்டிக்கொண்டு 1 மைக்ரோமீட்டர் கட்டிகளாக உட்கார்ந்தால் கிடைப்பது 2.7 மட்டும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த 32-ஐ 2.7 ஆகவிடாமல் காப்பாற்றுவது பற்றித்தான்.

வெயிட் பர்சன்ட்டா, வால்யூம் பர்சன்ட்டா? எவ்வளவு பவுடர் எடுக்கணும்?

கணக்கு கன அளவில், தராசு எடையில். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவோடு பொருந்துவதில்லை. அலுமினாவின் அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டருக்கு கிராமில்) 3.95, அலுமினியம் 2.70. ஆகவே கன அளவில் 1 சதவீதம் என்றால் எடையில் 1.46 சதவீதம், 1 கிலோவுக்கு 14.6 கிராம். சிலிக்கான் கார்பைடின் அடர்த்தி 3.21, அதற்கு 11.9 கிராம்.

முதல் உருகலை 0.5 சதவீதத்தில் தொடங்குங்கள். 2 சதவீதத்துக்கு மேல் உருகலில் கலக்க முயல்வது பெரும்பாலும் பவுடரை வீணாக்குவதே. இன்னொன்று: நானோ பவுடர் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலர்த்திய பிறகு எடை போடுங்கள்.

பவுடரை அப்படியே உருகல் மேல கொட்டினா என்ன ஆகும்? கனமான பொருள்தானே, மூழ்காதா?

மூழ்காது. உருகிய அலுமினியத்தின் அடர்த்தி சுமார் 2.4, அலுமினாவின் அடர்த்தி 3.95, அப்படியும் பவுடர் மேலேயே கிடக்கும். முதல் தடை, உருகலின் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு ஆடை. இரண்டாவது, உருகிய அலுமினியம் இந்தத் துகள்களை நனைப்பதில்லை; தாமரை இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு விலகும். மூன்றாவது, துகள்களுக்கு நடுவே சிக்கிய காற்று. 14.6 கிராம் பவுடர் ஒரு டம்ளரை நிரப்பிவிடும். அதில் பெரும்பகுதி காற்றுதான்.

பரப்பளவையும் பாருங்கள். 50 நானோமீட்டர் அலுமினாவில் 1 கிராமுக்குச் சுமார் 30 சதுர மீட்டர் மேற்பரப்பு. 14.6 கிராமுக்கு 400 சதுர மீட்டருக்கு மேல். அத்தனையையும் ஒரு கிலோ உலோகம் நனைத்தாக வேண்டும். கொட்டிய பவுடர் கசடோடு கசடாக வழித்தெடுக்கப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

அப்போ எப்படித்தான் உள்ளே அனுப்புறது? அலுமினிய ஃபாயில்ல பொட்டலம் கட்டிப் போடலாமா?

ஃபாயில் பொட்டலம் எளிய வழி, பலரும் செய்கிறார்கள். ஆனால் ஃபாயிலின் இரு பக்கமும் உள்ள ஆக்சைடு தோல் உருகாது. சுருண்ட படலமாக வார்ப்புக்குள் தங்கி, இழுவைச் சோதனையில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும்.

எங்கள் பரிந்துரை வில்லைகள். 14.6 கிராம் நானோ அலுமினாவை 130 கிராம் உலோகப் பவுடரோடு பால் மில்லில் (குண்டுகள் போட்டுச் சுழற்றும் அரவை ஜாடி) அரையுங்கள்: குண்டுக்கும் பவுடருக்கும் எடை விகிதம் 10க்கு 1, வேகம் நிமிடத்துக்கு 250 சுற்று, 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு, ஓடும் நேரம் மொத்தம் 4 மணி, ஜாடிக்குள் ஆர்கான். பவுடர் குண்டில் அப்பாமல் இருக்க 1 சதவீதம் ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அரைத்ததை 5 கிராம் வில்லைகளாக அழுத்தி, ஆர்கானில் 400 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். ஈரமும் ஸ்டியரிக் அமிலமும் போக வேண்டும். இரண்டுமே உருகலுக்குள் ஹைட்ரஜனைக் கொண்டுவருபவை.

இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. மில்லில் போடும் பவுடர் தூய அலுமினியமாக இருந்தால் கலவையின் சிலிக்கான் 7 சதவீதத்திலிருந்து 6-க்கு இறங்கிவிடும். அதன் பிறகு அது ஏ356 அல்ல. ஏ356 பவுடரையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குறையும் சிலிக்கானைத் தாய்க்கலவையாக (சிலிக்கான் அதிகமுள்ள அலுமினியக் கட்டி) சேர்த்து ஈடுகட்டுங்கள்.

ஒரு முழு உருகல் எப்படிப் போகும்? வரிசையா சொல்லுங்க.

845 கிராம் ஏ356 கட்டியை கிராஃபைட் மூசையில் 720 டிகிரிக்கு உருக்குங்கள். 10 கிராம் மக்னீசியத்தை மணி வடிவப் பிளஞ்சரால் அழுத்தி அடியில் கரையுங்கள். மேலே போட்டால் எரிந்துபோகும். மக்னீசியம் அலுமினாவின் மேற்பரப்போடு வினைபுரிந்து உலோகம் நனைக்க வழி செய்யும். பிறகு குழாய் வழியே ஆர்கானை 10 நிமிடம் குமிழிட்டு வாயுவை நீக்கி, கசடை வழித்தெடுங்கள். இனி ஊற்றும் வரை மேலே ஆர்கான் போர்வை இருக்கட்டும்.

அடுத்து வெப்பத்தை 600 முதல் 605 டிகிரிக்கு இறக்குங்கள். ஏ356 முழுத் திரவமாவது சுமார் 615 டிகிரியில். அதற்குக் கீழே அது கூழ்ப் பதத்தில் இருக்கும். அதில் மிதக்கும் திட மணிகள் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும், மேலே வரவிடாது. நிமிடத்துக்கு 400 சுற்றில் கலக்கிக்கொண்டே 20 நொடிக்கு ஒரு வில்லையாக 29 வில்லைகளையும் போட்டால் 10 நிமிடத்தில் முடியும். அவசரப்பட்டு மூன்று நான்காகப் போட்டால் கூழ் குளிர்ந்து கலக்கி நின்றுவிடும்.

பிறகு 710 டிகிரிக்கு ஏற்றி மேலும் 5 நிமிடம் கலக்குங்கள். கலக்கியை எடுத்துவிட்டு, சூடேற்றிய அல்ட்ராசானிக் ஹார்னை (உருகலுக்குள் ஒலி அதிர்வைச் செலுத்தும் உலோகத் தண்டு) 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம் இறக்கி, 20 கிலோஹெர்ட்ஸில் 10 நிமிடம். ஹார்னை வெளியே எடுத்து, கசடு வழித்து, 250 டிகிரிக்குச் சூடாக்கிய எஃகு அச்சில் ஒரு நிமிடத்துக்குள் ஊற்றிவிடுங்கள்.

வேகமா கலக்கினா நல்லா கலக்கும்தானே? 1000 வரைக்கும் வெக்கலாமா?

வேண்டாம். 600-ஐத் தாண்டினால் சுழி ஆழமாகி, காற்றையும் ஆக்சைடு ஆடையையும் சேர்த்து விழுங்கும். வேகத்தைவிட இலை நிற்கும் இடம் முக்கியம்: உருகலின் மேல்மட்டத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழம், இலைச் சாய்வு 45 டிகிரி.

பூச்சு இல்லாத எஃகு இலை அலுமினியத்தில் கரையும். ஏ356-இல் இரும்பு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஊசி ஊசியான இரும்புச் சேர்மம் உருவாகி உலோகத்தை உடையக்கூடியதாக்கும். நானோ துகள் போட்டதால் உடைகிறது என்று பழி வேறெங்கோ போகும். சிர்கோனியா அல்லது போரான் நைட்ரைடு பூச்சு அடித்து, ஒவ்வொரு உருகலுக்குப் பிறகும் இலையின் ஓரத்தைப் பாருங்கள்.

எங்ககிட்ட அல்ட்ராசானிக் இல்லை. வெறும் கலக்கியிலேயே முடியாதா?

உள்ளே அனுப்ப முடியும், பிரிக்க முடியாது. இலை சுழலும்போது உண்டாகும் இழுப்பு விசை மைக்ரோ அளவுக் கட்டிகள் வரைதான் உடைக்கும். அதற்குள் ஒட்டியிருக்கும் நானோ துகள்களை அது தொடவே தொடாது. முதல் பதிலில் சொன்ன 2.7 மெகாபாஸ்கல் உங்களுக்கு நினைவிருக்கும்.

அல்ட்ராசானிக் வேறு வழியில் வேலை செய்கிறது. ஒலி அலையின் இழுப்புப் பாதியில் திரவத்தில் நுண்குமிழ்கள் பிறக்கும். அழுத்தப் பாதியில் அவை நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் கண நேரம் வெப்பம் சில ஆயிரம் டிகிரியும் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தையும் எட்டும். துகள் கட்டிக்குள் சிக்கியிருக்கும் வாயுவே குமிழ் பிறக்கும் இடமாவதால், கட்டி உள்ளிருந்து வெடித்துப் பிரிகிறது. ஆனால் இந்த வேகம் ஹார்ன் முனைக்குக் கீழே சில சென்டிமீட்டர் வரைதான். மூசை அகலமாக இருந்தால் ஓரத்தில் ஒன்றும் நடக்காது. ஒல்லியான உயரமான மூசையே நல்லது.

ஹார்ன் முனை அரிச்சுப் போகுது, சில சமயம் மெஷினே ட்ரிப் ஆகுது. ஏன்?

ஹார்ன் பெரும்பாலும் டைட்டானியம்; அது உருகிய அலுமினியத்தில் மெல்ல மெல்லக் கரையும். குமிழ்கள் நொறுங்கும் அடியும் சேர்ந்து முனையில் குழி விழும். கரைந்த டைட்டானியம் உலோகத்தின் படிக மணிகளைச் சிறிதாக்கும் பொருள் என்பதுதான் இதில் விஷமமானது: நீங்கள் நானோ துகளின் சாதனை என்று எழுதுவது ஹார்னின் சாதனையாக இருக்கலாம். நியோபியம் முனை விலை அதிகம். ஆனால் மிகக் குறைவாகவே கரையும்.

ட்ரிப் ஆவதற்குக் காரணம் அதிர்வெண் நழுவுவது. ஹார்ன் சூடாகும்போது அதன் விறைப்பு குறையும், இயல்பு அதிர்வெண் இறங்கும், ஜெனரேட்டர் அதைத் துரத்த முடியாமல் நின்றுவிடும். சூடேற்றிய நிலையில் ட்யூன் செய்யுங்கள். டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை அதிர்வாக்கும் பகுதி) பக்கம் காற்றால் குளிர்வியுங்கள். குளிர்ந்த ஹார்னை அப்படியே இறக்கினால் முனையில் உலோகம் உறைந்து ஓடு கட்டும், ஒலி உள்ளே போகாது.

வார்ப்பை அறுத்தா உள்ள ஒரே ஓட்டை. வாயு நீக்கின பிறகும் எப்படி?

உருகுநிலையில் திரவ அலுமினியம் 100 கிராமுக்கு சுமார் 0.69 மில்லிலிட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும், திடமானதும் 0.036 மட்டும். மிச்சம் துளையாகிறது. நீங்கள் வாயு நீக்கியது வில்லைகளைப் போடுவதற்கு முன்பு. வில்லையில் ஈரம் மிச்சமிருந்தால் ஹைட்ரஜன் மறுபடி உள்ளே வந்துவிடும். ஆகவே 400 டிகிரி உலர்த்தலைச் சுருக்காதீர்கள். உலையிலிருந்து எடுத்ததும் சூட்டோடு போடுங்கள். அல்ட்ராசானிக்கும் ஓரளவு வாயுவை வெளியேற்றும்.

ஆர்க்கிமிடீஸ் முறையில் அளந்தால் போதும். தூய அலுமினியத்தின் எண்ணை வைத்து ஒரு உதாரணம்: 1 சதவீத அலுமினாவோடு கணக்குப்படி வர வேண்டிய அடர்த்தி 2.71, அளந்தது 2.62 என்றால் துளை 3.3 சதவீதம். ஏ356-க்கு அதன் சொந்த அடர்த்தியை வைத்துக் கணக்கிடுங்கள். துளை 2 சதவீதத்தைத் தாண்டிய வார்ப்பை இழுவைச் சோதனைக்கு அனுப்புவதில் பயனில்லை.

கலக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, வார்ப்புல துகள் எல்லாம் ஓரமா வரிசை கட்டி நிக்குது?

உறையும்போது வளரும் மணிகள் துகளைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் உறையும் எல்லையில் குவித்துவிடுகின்றன. உறையும் முனை வேகமாக நகர்ந்தால் துகளை விழுங்கிவிடும். மெதுவாக நகர்ந்தால் தள்ளும். எனவே மணல் அச்சு வேண்டாம். மெல்லிய சுவர் வார்ப்பு, எஃகு அச்சு. அச்சை 400 டிகிரி வரை சூடாக்குகிறவர்கள் தாங்களே இந்தக் குவியலை உண்டாக்குகிறார்கள்.

சிலிக்கான் கார்பைடு போட்ட சாம்பிள் சில மாசத்துல பொரிஞ்சு உதிருது. இது என்ன?

அலுமினியம் கார்பைடு. சிலிக்கான் குறைவான கலவையில், அதிக வெப்பத்தில், சிலிக்கான் கார்பைடை அலுமினியம் தின்று அலுமினியம் கார்பைடு உண்டாக்கும். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மீத்தேனை வெளியேற்றி, வெள்ளைப் பொடியாக ஊதும். நானோ துகளுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் இது இன்னும் வேகம். சிலிக்கான் குறைவான 6061 அலுமினியக் கலவையோடு சிலிக்கான் கார்பைடை உருகல் வழியில் சேர்க்க நினைக்காதீர்கள். சிலிக்கான் 9 சதவீதத்துக்கு மேல் உள்ள வார்ப்புக் கலவை பாதுகாப்பானது. ஏ356 என்றால் 720-ஐத் தாண்டாமல், நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் நானோகுழாய் போட்டா இன்னும் வலுவா வருமா?

1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி இஜிமா அவற்றைப் பற்றி எழுதியதிலிருந்து எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. விறைப்பு 1 டெராபாஸ்கல் அளவில் இருக்கிறதே. ஆனால் உருகல் வழி அதற்கு ஒத்துவராது: அடர்த்தி அலுமினியத்தைவிடக் குறைவு, நனையாது, சிக்குப் பிடித்த முடி மாதிரி இருக்கும், மேலே சொன்ன கார்பைடு தொல்லையும் சேரும். பவுடர் வழியே சரி: பால் மில், பிறகு ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங்கில் (மின்னோட்டமும் அழுத்தமும் கொடுத்துப் பவுடரை இறுக்கும் முறை) 500 முதல் 550 டிகிரி, 50 மெகாபாஸ்கல். அதிக நேரம் அரைத்தால் குழாய்கள் துண்டாகும். குறைவாக அரைத்தால் சிக்கு பிரியாது.

எக்ஸ்ஆர்டில அலுமினா பீக்கே வரலை. அப்போ துகள் உள்ளே போகலையா?

அப்படிச் சொல்ல முடியாது. எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ் கதிரால் படிகங்களை அடையாளம் காணும் கருவி; 1 சதவீதம் என்பது அது காணும் எல்லைக்கு அருகில். நானோ துகளின் பீக் அகன்று தாழ்ந்து பின்னணி இரைச்சலில் மறைந்துவிடும். பீக் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுது. அதானே நானோ துகள்?

பாதி நேரம் அது பாலிஷ் மிச்சம். சிலிக்கான் கார்பைடு தாளில் தேய்த்து, அலுமினா கரைசலில் மெருகேற்றினால், அதே பொருட்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் கலந்த பொருளும் அதுவே, தேய்த்த பொருளும் அதுவே. 6 மைக்ரோமீட்டர், 1 மைக்ரோமீட்டர் வைரப் பசையில் முடியுங்கள். கடைசியில் எத்தனாலில் அல்ட்ராசானிக் குளியல். துகள் போடாத சாம்பிளையும் அதே தாளில் அதே வரிசையில் மெருகேற்றிப் பாருங்கள். அதிலும் புள்ளிகள் தெரிந்தால் விஷயம் முடிந்தது.

எந்தத் தனிமம் என்று காட்டும் இ.டி.எஸ். சோதனையும் காப்பாற்றாது. 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கற்றை அலுமினியத்துக்குள் சுமார் 4 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குப் பரவும். 50 நானோமீட்டர் துகள் மேல் குறி வைத்தாலும் வரும் சமிக்ஞை பெரும்பாலும் சுற்றியுள்ள உலோகத்துடையது. 5 கிலோவோல்ட்டுக்கு இறக்கினாலும் 0.4 மைக்ரோமீட்டர். தனித்தனித் துகளைக் காட்டி வாதிட வேண்டும் என்றால் டி.இ.எம். (மெல்லிய சாம்பிளை ஊடுருவிப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) தவிர வழியில்லை.

போட்டதுல எவ்வளவு உள்ளே தங்குச்சுன்னு எப்படித் தெரியும்?

மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து தலா 5 கிராம் வெட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கரையாததை எடை போடுங்கள். ஹைட்ரஜன் வரும், புகைக்கூண்டுக்குள், அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சாதாரண வடிதாளில் நானோ துகள் கீழே போய்விடும்; சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். ஏ356-இல் உள்ள சிலிக்கானும் அமிலத்தில் கரையாமல் மிஞ்சும் என்பதை மறந்தால் 7 சதவீதம் துகள் இருப்பதாகக் கணக்கு வரும். துகள் இல்லாத சாம்பிளின் மிச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். காமா வகை அலுமினா அமிலத்தில் ஓரளவு கரையும். இந்தக் கணக்கு ஆல்ஃபா வகைக்கே.

ஹார்ட்னஸ் 15 சதவீதம் கூடியிருக்கு. அது போதாதா?

எதோடு ஒப்பிட்டு? கடையில் வாங்கிய கட்டியோடு என்றால் போதாது. மக்னீசியம் சேர்த்தீர்கள், வாயு நீக்கினீர்கள், அல்ட்ராசானிக் கொடுத்தீர்கள். இவை மூன்றுமே துகள் இல்லாமலும் கடினத்தைக் கூட்டக்கூடியவை. ஒப்பீட்டு வார்ப்பில் அதே மக்னீசியம், அதே கலக்கல், அதே 10 நிமிட அல்ட்ராசானிக், அதே அச்சு, துகளில்லாத வில்லைகள். வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கும். சுருங்கிய எண்ணையே வெளியிடுங்கள்.

டி6 வெப்பப் பதப்படுத்தலிலும் (சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்குவது) இதே கவனம் தேவை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23.6 மைக்ரோமீட்டர் விரியும். சிலிக்கான் கார்பைடு சுமார் 4, அலுமினா சுமார் 8. குளிரும்போது இந்த வேறுபாட்டால் துகளைச் சுற்றி இடப்பெயர்வுகள் பெருகும். உச்சக் கடினம் சீக்கிரமே வந்துவிடும். இரண்டு வார்ப்புக்கும் ஒரே நேரத்தை வைத்தால், ஒன்று உச்சத்தில் இருக்கும்போது இன்னொன்று அதைத் தாண்டியோ எட்டாமலோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரத்தோடு கடினம் மாறுவதைக் காட்டும் தனி வளைகோடு வரையுங்கள்.

மாஸ்க் போட்டா போதுமா?

துணி மாஸ்க் போதாது. பி100 வடிகட்டி (மிக நுண்ணிய துகளையும் தடுக்கும் சுவாசக் கவச வடிகட்டி), மூடிய பெட்டிக்குள் எடை போடுதல், சிந்தினால் ஈரத் துணி. துடைப்பம் வேண்டாம். சில வகை கார்பன் நானோகுழாயைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2014-இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. பால் மில் ஜாடியை உடனே திறக்காதீர்கள்: புதிதாக உடைந்த அலுமினியப் பரப்பு காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும். முழுக்கக் குளிர்ந்த பின், கையுறைப் பெட்டியில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பற்றினால் உலர்ந்த மணல் அல்லது டி வகுப்பு (உலோகத் தீக்கான) அணைப்பான். தண்ணீர் கூடவே கூடாது.

பெரிய அளவில் இது எங்காவது உருப்படியா நடந்திருக்கா?

கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சியாவ்சுன் லீயின் குழு 2015-இல் மக்னீசியத்தில் கன அளவில் 14 சதவீதம் சிலிக்கான் கார்பைடு நானோ துகளைச் சீராகப் பரப்பிக் காட்டியது. 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றோமே, முரண் இல்லையா? இல்லை. அவர்கள் குறைந்த அளவில் பரப்பிவிட்டு, வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி அடர்த்தியை ஏற்றினார்கள்.

எங்கள் கணிப்பில் இதைவிட நடைமுறைக்கு நெருக்கமானது துகளை வலுவுக்காக அல்லாமல் உறைதலைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்துவது. 7075 என்ற வலுவான அலுமினியக் கலவை முப்பரிமாண அச்சில் விரிசல் விட்டுவிடும். 2017-இல் அமெரிக்காவின் எச்ஆர்எல் ஆய்வகம் பவுடரின் மேல் சிர்கோனியம் நானோ துகளை ஒட்டி, விரிசல் இல்லாமல் அச்சிட்டது. 2019-இல் லீயின் குழு டைட்டானியம் கார்பைடு நானோ துகள் கலந்த நிரப்புக் கம்பியால் அதே 7075-ஐ வெல்டிங் செய்தது. இங்கெல்லாம் துகள் மணி பிறக்கும் இடமாகவோ கடைசித் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதாகவோ இருக்கிறது.

மிச்சமான வார்ப்பை மறுபடி உருக்கிப் பயன்படுத்தலாமா?

ஒருமுறை. மறு உருக்கத்தில் துகள்கள் மீண்டும் கட்டியாகும், மக்னீசியமும் குறைந்திருக்கும். திரும்ப 10 நிமிடம் அல்ட்ராசானிக் கொடுத்து, மேலே சொன்ன அமிலச் சோதனையைச் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இந்தத் துண்டுகளைப் பொதுவான அலுமினியக் கழிவுப் பெட்டியில் போடாதீர்கள். அடுத்தவர் துகளில்லாத ஒப்பீட்டு வார்ப்புக்காக அதை எடுத்து உருக்கிவிடுவார். ஒவ்வொரு துண்டிலும் உருகல் எண்ணைக் குத்தி, தனிப் பெட்டியில் வையுங்கள்.